ஓபி அறையில் பேச்சு நின்றுபோனால்: ஆட்டிசம் உள்ள திருநம்பிக்குச் சில நடைமுறை வழிகள்

கேள்வி: வயது 26, கரூர். திருநம்பி (பிறப்பில் பெண் எனப் பதிவான ஆண்). ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனம் நிலைக்காத தன்மை) இருப்பது சென்ற ஆண்டு உறுதியானது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மூன்று தடவை தேதி தவறிவிட்டது. ஜி.எச். கூட்டத்தில் நின்றாலே காது அடைத்து, பேச்சு வராமல் போகிறது. டாக்டர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். போன தடவை ஒரு டாக்டர், "ஆட்டிசத்தில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வது சகஜம், ஆண் என்று சொல்வதும் அப்படித்தான்" என்றார். மார்பைத் தட்டையாக்கும் பைண்டர் போட்டுப் போட்டு விலா வலிக்கிறது. மார்புக்கு அடியில் படையும் வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விலாவிலிருந்து தொடங்குங்கள். வலி முழுதாக அடங்கும்வரை பைண்டர் வேண்டாம். அதுவரை தளர்வான ஸ்போர்ட்ஸ் பிரா, அதன்மேல் அடர் நிற பனியன், அதற்கும் மேல் பொத்தான் திறந்த சட்டை போதும். மூச்சை இழுக்கும்போது குத்தினாலோ, ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

மறுபடி போடத் தொடங்கும்போது 8 மணி நேரமே உச்சவரம்பு. தூங்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் கூடாது. கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொள்வது எப்போதுமே கூடாது. மூச்சுவிட விலா விரியும்போது அது இன்னும் இறுகும். "வலித்தால் கழற்றிவிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு அந்த அறிவுரை பயன்படாது. ஆட்டிசம் உள்ள பலருக்கு உடலுக்குள்ளிருந்து வரும் செய்தி தாமதமாகவோ மங்கலாகவோ வரும்: பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, மூச்சு இறுகுவது எல்லாமே. வலி தெரிவதற்குள் விலா பல நாள் நசுங்கியிருக்கும். எனவே உணர்வை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். காலை 9 மணிக்குப் போட்டால் மாலை 5 மணிக்குக் கழற்ற அலாரம். தையல் உறுத்தினால் உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போடலாம், அல்லது பைண்டரையே உள்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போடலாம். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு பைண்டர் தேவை. ஒன்றைத் துவைத்துக் காயவிட்டு மற்றதைப் போடலாம்.

படைக்கு மெடிக்கல் ஷாப்பில் "எல்லாவற்றுக்கும் கேட்கும்" என்று தரும் கூட்டு கிரீம்களைத் தொடாதீர்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும், நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக வரும். குளோட்ரிமசோல் 1% மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். குளித்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, காலை மாலை தடவ வேண்டும். அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பிசுபிசுப்பு தாங்காது என்றால் அதே மருந்து பவுடராகவும் கிடைக்கிறது. இரண்டு வாரத்தில் குறையத் தொடங்காவிட்டால் தோல் ஓபி.

இனி ஊசி. ஏடிஹெச்டி உள்ளவரிடம் அலாரம் வைக்கச் சொல்லிவிட்டுப் போவது பாதி உதவிதான். கை தானாக அதை அணைத்துவிடும், மனது மறந்துவிடும். 21 நாளைக்கு ஒருமுறை என்றால் கிழமை எப்போதும் மாறாது. ஒரு வெள்ளியைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளிக்கெல்லாம் சுவர் காலண்டரில் ஆண்டு முடியும்வரை இன்றே வட்டம் போடுங்கள். ஊசி போட்ட அன்றே அடுத்த மருந்துக் குப்பியையும் (ஆம்பூல்) வாங்கிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள், அலமாரிக்குள் வேண்டாம். தேதி தவறினால் நினைவு வந்த நாளில் போட்டு அன்றிலிருந்து புதிதாக எண்ணுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டை டோஸ் கூடாது. 250 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் கலவை ஊசியில் ரத்தத்தில் உள்ள மருந்தளவு முதல் நாட்களில் ஏறி, கடைசி நாட்களில் இறங்கும். கடைசி வாரத்தில் எரிச்சலும் கவனச் சிதறலும் கூடினால் தேதியோடு குறித்துவையுங்கள். அளவைச் சிறிதாகப் பிரித்து அடிக்கடி போடலாமா என்று டாக்டர் முடிவுசெய்ய அது உதவும். இன்னொரு வகை 1000 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட் ஊசி, முதல் இரண்டுக்கும் இடையே 6 வாரம் விட்டு, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை. விலை அதிகம், ஆனால் மறப்பதற்கு வாய்ப்பு குறைவு. நிலக்கடலை ஒவ்வாமை உண்டென்றால் சொல்லிவிடுங்கள்; சில ஊசி மருந்துகள் கடலை எண்ணெயில் கரைத்தவை. இன்னொன்று: டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை அல்ல, மாதவிடாய் நின்றிருந்தாலும்.

முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அதில் முக்கியமானது பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு. 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். ஊசியை நிறுத்தியோ குறைத்தோ ஆக வேண்டும். தாகம் தெரியாமல் தண்ணீர் குடிக்காமல் போனாலும் இந்த எண் ஏறும், ஆகவே முதல் நாளும் அன்று காலையும் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். லேப் படிவத்தில் பெண் என்று இருந்தால் பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டு, சரியான ஹீமோகுளோபினையும் அதிகம் என்று அச்சடித்துத் தருவார்கள். டாக்டர் ஆண்களுக்கான அளவோடு பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்க்கும்போது ஊசி போட்ட எத்தனையாவது நாள் என்பதை ரிப்போர்ட்டின் மேல் எழுதுங்கள். அது இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், ஹார்மோன் முடிவைக் குழப்பும். ஏடிஹெச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் எடுப்பதானால் ஒவ்வொரு முறையும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் ஏற்றும், டெஸ்டோஸ்டிரோனும் ஏற்றலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால், நெஞ்சு வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால் ஓபிக்குக் காத்திராமல் 108.

பேச்சு நின்றுபோவதற்கு மருந்து ஒரு தாள். அரைப்பக்கம், பெரிய எழுத்து; முழுப்பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். முதல் வரியில் இன்று வந்த காரணம் ஒன்றே ஒன்று. அடுத்து மருந்துகள், அளவு, கடைசி ஊசித் தேதி, ஒவ்வாமை. அதற்குக் கீழே இப்படி: "எனக்கு ஆட்டிசம் உண்டு. பேச்சு நின்றால் எழுதிக் காட்டுவேன். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாகக் கேளுங்கள். தொடும் முன் சொல்லுங்கள். வலி இருந்தாலும் முகத்தில் தெரியாது. 1 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்காமல், எந்த வேலை செய்ய முடியவில்லை என்று கேளுங்கள்." உட்கார்ந்ததும் வாய் திறப்பதற்கு முன் இதை நீட்டிவிடுங்கள். எழுந்திருக்கும் முன், செய்ய வேண்டியதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லும் ஒரு வரியும் தாளில் இருக்கட்டும்; தலையாட்டலில் தொலைந்துபோவது அதுதான். ஓபி சீட்டில் பழைய பெயர் இருந்தால் இனிஷியலையோ டோக்கன் எண்ணையோ சொல்லிக் கூப்பிடும்படி நர்ஸிடம் கேட்கலாம், நம் ஊரில் அது வித்தியாசமாகத் தெரியாது.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநருக்கெனத் தனி கிளினிக் உண்டு. எந்தக் கிழமை என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

அந்த டாக்டர் சொன்னது சரியல்ல. திருநரிடையே ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம் என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இரண்டும் ஒருவரிடமே இருப்பது புதிதல்ல, ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்குவதும் இல்லை. உலக அளவில் டாக்டர்கள் பின்பற்றும் டபிள்யூபாத் நெறிமுறையின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பும் ஆட்டிசத்தைச் சிகிச்சை மறுக்கும் காரணமாக ஏற்பதில்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று, செய்துகொள்வது என்ன என்று சிகிச்சை கேட்பவருக்குப் புரிகிறதா என்பது. அதை நீங்களே எழுதிக் காட்டலாம்: குரல் தடிப்பதும் மீசை தாடியும் நிரந்தரம், நிறுத்தினால் மாதவிடாய் திரும்பலாம், குழந்தைப்பேறு பற்றி இன்னின்னது யோசித்திருக்கிறேன் என்று. அதன்பிறகும் மறுத்தால், காரணத்தை நோட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். மறுப்பவர் பலர் எழுதத் தயங்குவார்கள், அங்கேயே பேச்சு மாறும். "பாலின அடையாளத்தை மாற்றிவிடுகிறேன்" என்று யாராவது சிகிச்சை தொடங்கினால் அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது. புகார் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு.

கடைசியாக, வரிசை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஹெச்டி தனியாக இல்லை. அதன் 25ஆம் பிரிவு மருத்துவமனையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் கேட்பது எளிது. பெயர் மாற்றும் எண்ணம் இருந்தால் ஆதாரைத் திருத்திய பிறகு விண்ணப்பியுங்கள், ஒரு அலைச்சல் மிச்சம். அட்டை வரும்வரை, ஆட்டிசம் உறுதியான அறிக்கையின் ஜெராக்ஸை மேலே சொன்ன தாளோடு பின் செய்து, காதடைப்பானையும் அதே கவரில் போட்டு வையுங்கள்.