இதயத்துக்கு எடுத்த ஸ்கேனில் நுரையீரல் கணு: அடுத்த ஸ்கேனுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பிவிட்டேன். சிகரெட்டை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நெஞ்சு வலி ஏதும் இல்லை. சலுகைக் கட்டணம் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் இதயக் கால்சியம் ஸ்கேன் எடுத்தேன். கால்சியம் எண் 0 என்று வந்தது. ஆனால், வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் 4 மி.மீ. அளவில் கெட்டியான நாட்யூல் ஒன்று இருப்பதாக ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். மறுநாளே சென்டரிலிருந்து அழைத்து, மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனும், புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்றும், இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொல்கிறார்கள். வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: இந்த வாரம் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஓர் ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டிய ஒன்றை ஒரு வாரக் கெடுவுக்குள் அடைப்பது மருத்துவம் அல்ல, விற்பனை.

கால்சியம் ஸ்கேன், இதய இரத்தக் குழாய்களில் படிந்திருக்கும் கால்சியத்தை எண்ணால் அளப்பதற்காக எடுக்கப்படுவதுதான் என்றாலும், நெஞ்சின் குறுக்கே எடுக்கும் படம் என்பதால் நுரையீரலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும், மகாதமனியும், கல்லீரலின் மேல்விளிம்பும் அதில் சேர்ந்தே விழுகின்றன. கண்ணில் பட்டதை எழுதாமல் விடுவது ரேடியாலஜி மருத்துவருக்கு முறையன்று. ஆகவே, ரிப்போர்ட்டில் அந்த வரி இருப்பதில் குறை இல்லை. நாட்யூல் என்பது ஒரு சிறு கணு, அவ்வளவே. நம் நாட்டில் பழைய காசநோயோ வேறு கிருமித் தொற்றோ ஆறிய தழும்பாகவே இத்தகைய கணுக்கள் பெரும்பாலும் இருக்கின்றன.

இத்தகைய கணுக்களைப் பின்தொடர்வதற்கு மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது, நெஞ்சக ஸ்கேன் நிபுணர்களின் சர்வதேச அமைப்பான ஃப்ளெய்ஷ்னர் சொசைட்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதன்படி, 6 மி.மீ.க்குக் குறைந்த கெட்டியான ஒற்றைக் கணுவுக்கு, ஆபத்து குறைந்தவரிடம் மறு ஸ்கேனே வழக்கமாகத் தேவையில்லை. புகைப்பழக்கம் போன்ற காரணம் உள்ளவருக்கு 12 மாதங்கள் கழித்து ஒரு முறை பார்க்கலாம், அதுவும் கட்டாயமில்லை. 6 முதல் 8 மி.மீ. வரை என்றால் 6 முதல் 12 மாதங்களுக்குள் மறு ஸ்கேன் உண்டு. 8 மி.மீ.க்கு மேல் போனால்தான் பெட் ஸ்கேன், சதைப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிய பேச்சே எழுகிறது. 4 மி.மீ. கணுவைப் பெட் ஸ்கேன் நம்பகமாகக் கணிக்காது என்பதால், அதற்குச் செலவழிக்கும் பணம் உங்களுக்குப் பதிலையே தராமல் போகக்கூடும். கணு வளர்கிறதா என்று பார்க்க, மருந்து ஏற்றாத, கதிர்வீச்சு குறைந்த சிடி போதும். முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நீங்கள் அந்த வகையைச் சேர்ந்தவர் என்றால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பைசாச் செலவில்லாத ஒரு வேலையை இன்றே செய்யுங்கள். கொரோனா காலத்தில், 2020, 2021 ஆண்டுகளில், நெஞ்சு சிடி எடுத்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். உங்கள் வீட்டுப் பீரோவில் அப்படிப்பட்ட ஃபிலிமோ டிஸ்க்கோ இருந்தால், அதுதான் இப்போது நீங்கள் வைத்திருக்கும் மிகச் சிறந்த பரிசோதனை. அதே இடத்தில் அதே அளவில் அன்றும் கணு இருந்திருந்தால், இத்தனை ஆண்டுகளாக வளராத கெட்டியான கணுவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. விசாவுக்காக எடுத்த எக்ஸ்ரேயை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம், 4 மி.மீ. கணு சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

ஸ்கேன் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, அந்த சென்டரோடு பணத் தொடர்பு இல்லாத நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். சிகரெட் மட்டுமன்றி, கருவேல மரம் எரிக்கும் கரிமூட்டப் புகையில் வேலை பார்த்தவரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் பலரும் சொல்ல மறந்துவிடும் செய்தி அது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்; சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

கேள்வி: மண்டபத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை நோய்க்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இந்த இதயக் கால்சியம் ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. கொழுப்பு மாத்திரையைத் தொடங்குவதா வேண்டாமா என்று மருத்துவரே தயங்கும் நிலையில்தான் இந்த ஸ்கேன் உதவும். உங்கள் அம்மாவுக்கோ மாத்திரை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எண் எதுவாக வந்தாலும் சிகிச்சை பெரிதும் மாறப்போவதில்லை. வேண்டாத கணு ஒன்று தென்படும் வாய்ப்பு மட்டும் கூடும். நெஞ்சு வலியோ நடக்கையில் மூச்சிரைப்போ இருந்தால் அது வேறு விஷயம். அப்போது ஸ்கேன் சென்டருக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் வலி என்றால் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: தொண்டியிலிருந்து எழுதுகிறேன். என் ஸ்கேன் படங்களைக் கேட்டால், ரிப்போர்ட் தாள் மட்டும்தான் தருவோம் என்கிறார்கள். அது சரியா?

பதில்: சரியல்ல. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளும் கூறுகின்றன. வாயால் கேட்பதை விட்டு, பில் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டுக் கடிதமாகக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் தராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். வெப்பத் தாளில் அச்சான பில் நாளடைவில் மங்கிவிடும், இன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.