கேள்வி பதில்: ‘கலீஸ்’ என்னும் அரபுச் சொல்

பெய்ரூத்திலிருந்து: அகராதியில் ‘தடித்த’ என்றிருக்கிறது. இங்கே ஒல்லிக்குச்சிப் பையனைப் பார்த்து ‘ஷூ கலீஸ்!’ என்கிறார்களே?

பதில்: மூலப்பொருள் தடித்த, முரடான, கடினமான. குர்ஆன் 3:159இல் கடின நெஞ்சத்துக்கும் 4:21இல் திருமணம் என்ற உறுதியான உடன்படிக்கைக்கும் இதே அடைமொழிதான். பெருங்குடலையும் அரபியில் இன்றும் இப்படியே சொல்கிறார்கள். லெபனான், சிரியா பேச்சில் சொல் உடம்பை விட்டுக் குணத்துக்குப் போய்விட்டது: ஆள் சரியான அறுவை, கடுப்பேற்றுகிறவன். ‘பலா கலாஸா’ என்றால் ‘சும்மா கடுப்பேத்தாதே’. நண்பர்களுக்குள் செல்லும், மேலதிகாரியிடம் வேண்டாம். அகராதியை மட்டும் நம்பி வட்டாரப் பேச்சில் இறங்காதீர்கள்.

பாரசீகம் படிப்பவர்: என் ‘லஹ்ஜே’ (உச்சரிப்புப் பாணி) கலீஸ் என்றார் ஓர் ஈரானியர். திட்டினாரா?

பதில்: இல்லை. உங்கள் பேச்சில் ஊர்வாடை தூக்கல் என்கிறார். பாரசீகத்தில் கலீஸ் என்றால் கெட்டி. ஆஷ் கஞ்சிக்கும் சொல்லலாம். கரைசலின் செறிவு ‘கெல்ஸத்’. நீங்கள் பயப்பட வேண்டிய சொல் ‘கஸீஃப்’. அரபியில் அடர்த்தி, பாரசீகத்தில் அழுக்கு. அரபி நினைப்பில் அடர்ந்த காட்டை வர்ணித்தால் தெஹ்ரானில் காடு நாறிவிடும். திரும்பவும் சொல்கிறேன், அகராதி போதாது.

துபாய்: கலீஜ் டைம்ஸ் பத்திரிகையில் வருவது இதுதானா?

பதில்: வேறு சொல், வேறு வேர். அது வளைகுடா.

ஷார்ஜா: கலீஜ் என்றால் வளைகுடாதானே?

பதில்: ஒரு கேள்வி மேலே படிக்கவும்.

இன்னொருவர்: தப்பைக் குறிக்கும் ‘கலத்’?

பதில்: கடைசி எழுத்தே வேறு. உறவில்லை.

வடசென்னை: ‘மார்க்கெட்டாண்ட ஒரே கலீஜ்பா’ன்றோமே?

பதில்: வாங்க! இது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே கலீஸ்தான், உருது வழியாக வந்தது. உருதுவில் கலீஸ் என்றால் அசுத்தம். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபியில் கடும் அசுத்தத்துக்கு ‘முகல்லஸா’ என்று பெயர், அதே வேர். அந்த வழியாகத்தான் பொருள் திரும்பியிருக்கும் என்பது என் ஊகம்.

தமிழாசிரியர் ஒருவர்: ‘கழி’, ‘கழிவு’ என்ற தூய தமிழ் வேர் இருக்க, உருது எதற்கு?

பதில்: ஐயா, அப்படியானால் ‘ஜ்’ எங்கிருந்து வந்தது? பேஜார், ஜமீன், ஜில்லா எல்லாம், கலீஸின் கடைசியில் உள்ள அதே இஸட் ஒலி தமிழில் ஜகரமானவைதானே.

அவரே: சென்னையில் உருது பேசியது யார்?

பதில்: ஆற்காடு நவாபு சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டியது 1768இல். திருவல்லிக்கேணியில் இன்றும் காது கொடுத்தால் கேட்கும்.

அவரே: ஒலி ஒற்றுமை போதாதா?

பதில்: போதாது. பழைய நூலில் ‘கழி’ ‘கலீஜ்’ ஆன ஓர் அடி காட்டுங்கள், பேசலாம்.