விண்டோஸ் 10-ல இருந்து 11-க்கு மாறணும், செட்டிங்ஸ்ல அப்டேட்டே காட்டல. ஃபைல், சாஃப்ட்வேர் எதுவும் போகாம மாத்த எந்த வழி நல்லது?

எதுவும் போகாம தாராளமா மாத்தலாம். என் லேப்டாப், அப்பாவோடது, தங்கச்சியோடதுன்னு மூணு மாத்தியிருக்கேன், மூணையும் வேற வேற வழியில பண்ண வேண்டியதா இருந்துச்சு. என்னைக் கேட்டா செட்டிங்ஸ்ல வந்தா அதுலயே பண்ணுங்க, வரலைன்னா ஐஎஸ்ஓ ஃபைலை (முழு விண்டோஸ் செட்டப்பும் அடங்கின ஒரே ஃபைல்) இறக்கி விண்டோஸ் உள்ள இருந்தே ஓட்டுங்க, பென் டிரைவ் போட்டு பூட் பண்றதெல்லாம் (அதுல இருந்தே மெஷினை ஸ்டார்ட் பண்றது) கடைசி கடைசியா.

அதுக்கு முன்னாடி மெஷின் 11-க்கு ஒத்துவருமான்னு பாத்துடுங்க. பிசி ஹெல்த் செக்னு மைக்ரோசாஃப்டே ஒரு ஆப் ஃப்ரீயா குடுக்குறாங்க, ஓட்டினா சொல்லிடும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், செக்யூர் பூட் (ஸ்டார்ட் ஆகும்போது நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் விடுற வசதி), டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சாவிகளை வச்சிருக்குற பகுதி) வேணும், இன்டெல் சிப்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு அப்புறம் வந்ததோ இருக்கணும். நிறைய பேர் "டிபிஎம் இல்ல"ன்னு வந்த உடனே அவ்ளோதான்னு விட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க, பல மெஷின்ல அது இருக்கும், பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்குற மெஷின் செட்டிங்ஸ்ல, ஆஃப் ஆகிக் கிடக்கும். இன்டெல் மெஷின்ல பிடிடின்னும் ஏஎம்டில எஃப்டிபிஎம்னும் பேர் போட்டிருக்கும், அதை ஆன் பண்ணிட்டு திரும்ப செக் பண்ணுங்க.

ஆனா பயாஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா அதை சஸ்பெண்ட் பண்ணிடுங்க (தற்காலிகமா நிறுத்துறது), பூட்டைத் திறக்குற ரிகவரி கீயையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. அப்பா லேப்டாப்ல நான் இதைப் பண்ணல, பயாஸ்ல ஒரே ஒரு செட்டிங் மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணா நீலக் கலர்ல 48 இலக்க நம்பரைக் கேட்டு நின்னுடுச்சு, அவரோட போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, எனக்கு உயிரே இல்ல. அப்புறம் அவர் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல ஃபோன்ல லாகின் பண்ணிப் பாத்தா அந்த கீ அங்க சேவ் ஆகி இருந்துச்சு. அந்த அக்கவுண்ட் பாஸ்வேர்டும் மறந்திருந்தா ரொம்ப சிக்கலாகியிருக்கும்.

சரி, செட்டிங்ஸ்ல ஏன் காட்டலைன்னா, வைஃபை (டேட்டாவை அளந்து செலவு பண்ற) மீட்டர்ட் கனெக்‌ஷன்னு செட் ஆகியிருந்தா பெரிய டவுன்லோடு தானா ஓடாது, அதை ஆஃப் பண்ணிப் பாருங்க. இன்னொரு காரணம், உங்க மாடல்லயோ ஏதோ ஒரு டிரைவர்லயோ பிரச்சனை வருதுன்னு தெரிஞ்சா மைக்ரோசாஃப்டே அந்த மெஷின்களுக்கு மட்டும் நிறுத்தி வைப்பாங்க. அப்படி இருந்தா அவசரப்படாம அவங்க விடுற வரைக்கும் இருக்குறதுதான் நல்லது, வேற வழியில திணிச்சா அதே பிரச்சனை உங்களுக்கும் வரலாம்.

ரெண்டுமே இல்லைன்னா இன்ஸ்டாலேஷன் அசிஸ்டன்ட்னு ஒண்ணு இருக்கு, சின்ன ஃபைல், மைக்ரோசாஃப்ட் சைட்ல கிடைக்கும், ஓட்டினா மத்ததை அதுவே இறக்கிப் போட்டுக்கும். ஒரே ஒரு மெஷின்னா இது போதும். வீட்ல ரெண்டு மூணு இருந்தா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அத்தனை ஜிபி இறக்கும்.

அதனாலதான் நான் ஐஎஸ்ஓ சொல்றேன். அதே சைட்ல கீழ போனா கிடைக்கும், 5 ஜிபிக்கு மேல வரும், லிங்க் 24 மணி நேரம்தான் வேலை செய்யும். வேற எந்த சைட்ல இருந்தும் எடுக்காதீங்க. இறக்கின ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் பண்ணா டிவிடி போட்ட மாதிரி ஒரு டிரைவ் தெரியும், அதுல செட்டப் ஃபைலை ஓட்டணும், அவ்ளோதான். ஆரம்பத்துலயே அப்டேட் டவுன்லோடு பண்ணவான்னு கேக்கும், இப்ப வேணாம்னு குடுத்தா சீக்கிரம் போகும். எதை வச்சுக்கணும்னு கேக்குற பக்கம்தான் ரொம்ப முக்கியம்: ஃபைலும் ஆப்பும், ஃபைல் மட்டும், எதுவும் வேணாம்னு மூணு இருக்கும், முதலாவது தேர்வாகி இருக்கான்னு பாத்துட்டுத்தான் அடுத்த பட்டனை அமுக்கணும்.

தங்கச்சி லேப்டாப்ல அந்த முதல் ஆப்ஷன் மங்கலா இருந்துச்சு, கிளிக்கே ஆகல. ரொம்ப நேரம் தேடினப்புறம்தான் புரிஞ்சுது, அவளோட விண்டோஸ் இங்கிலிஷ் யுனைடெட் கிங்டம், நான் இறக்கினது யுனைடெட் ஸ்டேட்ஸ். மொழி ஒத்துப்போகலைன்னா ஆப்பை வச்சுக்க விடாது. இங்கிலிஷ் இன்டர்நேஷனல்னு லிஸ்ட்ல இருக்குறதை திரும்ப முழுசா இறக்கினேன், உடனே ஆப்ஷன் வந்துடுச்சு. நீங்க செட்டிங்ஸ்ல லாங்குவேஜ் பக்கத்துல உங்களோடது எதுன்னு பாத்துட்டு இறக்குங்க.

பென் டிரைவ் வழிக்கு மீடியா கிரியேஷன் டூலும் (பென் டிரைவை ரெடி பண்ற மைக்ரோசாஃப்ட் டூல்) 8 ஜிபி டிரைவும் வேணும், அந்த டிரைவ்ல இருக்குறது எல்லாம் அழிஞ்சுடும். அதுல இருந்து பூட் பண்ணி இன்ஸ்டால் பண்ணா ஆப் எதுவும் மிஞ்சாது. எல்லாம் இருக்கணும்னா விண்டோஸை ஆன் பண்ணிட்டு அந்த டிரைவுக்குள்ள இருக்குற செட்டப்பை ஓட்டணும், இந்த ஒரு வித்தியாசம் தெரியாம டேட்டாவை இழந்தவங்க இருக்காங்க.

எந்த வழியா இருந்தாலும் முக்கியமானதை வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்துட்டு, சி டிரைவ்ல ஒரு 30 ஜிபியாவது காலி பண்ணிட்டு, சார்ஜரைச் சொருகிட்டு ஆரம்பிங்க. நடுவுல பல தடவை ரீஸ்டார்ட் ஆகும், ஒரே பர்சென்டேஜ்ல ரொம்ப நேரம் நிக்கும், பவர் பட்டனைத் தொடாதீங்க.

மெஷின் ஒத்துவரலைன்னா செக்கைத் தாண்டிப் போட வழி இருக்குதான், ஆனா அந்த மாதிரி மெஷினுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்டே சொல்றாங்க, பெரியவங்க பேங்க் வேலைக்கு வச்சிருக்குற லேப்டாப்ல நான் பண்ண மாட்டேன். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது.

மாத்தினப்புறம் பிடிக்கலைன்னா 10 நாளுக்குள்ள செட்டிங்ஸ்ல ரிகவரி போய் 10-க்கே திரும்பிடலாம். பழைய விண்டோஸ் சி டிரைவ்ல விண்டோஸ் ஓல்டுங்கிற ஃபோல்டர்ல இருக்கும், இடத்தை அடைக்குதேன்னு அதை அழிச்சுட்டீங்கன்னா அப்புறம் திரும்ப முடியாது. பிரிண்டர், ஸ்கேனர், வேலைக்கு வச்சிருக்குற சாஃப்ட்வேர் எல்லாத்தையும் அந்த 10 நாளுக்குள்ளயே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க.