அதிவேக பிளாஷுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பியும் அவன் நண்பர்களும் மாலை நேரங்களில் படிக்கட்டுகளிலும் திண்டுகளிலும் ஸ்கேட்போர்டில் தாவுவதைப் படம் எடுக்கிறேன். கேமரா நிக்கான் டி5600. பிளாஷைக் கேமராவில் மாட்டாமல் தள்ளி வைத்து எடுக்க ஆசை. "எச்.எஸ்.எஸ். (மிக வேகமான ஷட்டரிலும் பிளாஷ் எரியும் முறை) வசதி உள்ள கோடாக்ஸ் வி860 வாங்குங்கள், 1/4000 விநாடியில் ஆளை அந்தரத்தில் நிறுத்தலாம்" என்கிறார் கடைக்காரர். நண்பர் ஒருவரோ பழைய விவிட்டார் 285 போதும் என்கிறார். எதை வாங்கலாம்?
(வாசகி, தாம்பரம்)

பதில்: இரண்டும் வேண்டாம். கடைக்காரர் சொல்லும் வசதி பிளாஷில் இருக்கிறது, உங்கள் கேமராவில் இல்லை. டி5600-இல் பிளாஷோடு எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/200-ஐத் தாண்டாது. பயன்படுத்தவே முடியாத ஒன்றுக்குப் பணம் கேட்கிறார். உங்கள் கேமரா எது என்று விசாரித்தாரா?

அந்த வசதி இல்லாததால் பெரிய இழப்பும் இல்லை. எச்.எஸ்.எஸ். முறையில் பிளாஷ் ஒரே வெட்டாக வெட்டாமல், துடித்துத் துடித்து எரிகிறது. வெளிச்சத்தில் பெரும்பகுதி வீணாகிறது. இருட்டத் தொடங்கிய பிறகு ஆளை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, பிளாஷ் எரியும் நேரம். இவ்வகைப் பிளாஷ்கள் முழுத் திறனில் ஏறத்தாழ 1/300 விநாடி எரியும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வரும் உங்கள் தம்பி அதற்குள் சுமார் 1.4 செ.மீ. நகர்ந்துவிடுவான், படத்தில் பலகையின் விளிம்பு கலங்கித் தெரியும். திறனை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் எரியும் நேரமும் சுருங்கிவிடும். 1/2000 விநாடி என்று வைத்துக்கொண்டாலே நகர்வு 2 மி.மீ.தான். ஆக, பிளாஷைக் குறைந்த திறனில் ஓட்ட வேண்டும். குறையும் வெளிச்சத்தை ஈடுகட்ட அதை ஆளுக்கு அருகில் கொண்டுபோங்கள், கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 800 வரை ஏற்றுங்கள்.

இதற்கு கோடாக்ஸ் டிடி600 போதும். ஒரு வி860-இன் விலைக்கு இதில் இரண்டு வாங்கலாம். ஒன்றை முன்பக்கம் சாய்வாகவும் மற்றதை ஆளுக்குப் பின்னாலும் வையுங்கள். பின்வெளிச்சம் இல்லையென்றால் கறுப்புச் சட்டைக்காரன் இருட்டோடு கலந்துவிடுவான். டிடி600-இல் தானாக வெளிச்சத்தை அளக்கும் டிடிஎல் கிடையாது. தேவையும் இல்லை. தம்பி அதே படிக்கட்டில் இருபது முறை விழுந்து எழப்போகிறான். ஒருமுறை கையால் சரிசெய்தால் இருபது முறைக்கும் அது பொருந்தும். ரேடியோ சைகையை வாங்கும் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. கேமராவில் மாட்டி அந்தச் சைகையை அனுப்பும், நிக்கானுக்கான கோடாக்ஸ் டிரிக்கர் ஒன்று மட்டும் தனியாக வேண்டும். ஒரு பிளாஷுக்கு நான்கு ஏஏ பேட்டரி. ரீசார்ஜ் செய்யும் நல்ல பேட்டரிகளாகவே வாங்குங்கள். சாதா பேட்டரி கொஞ்ச நேரத்தில் சோர்ந்துபோய், அடுத்த வெட்டுக்குக் காக்க வைக்கும்.

படம் எடுக்கும் முன் பிளாஷை அணைத்துவிட்டு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அதில் ஆள் தெளிவாகத் தெரிந்தால், தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆளின் மங்கலான இரண்டாவது உருவமும் படத்தில் பதியப்போகிறது என்று பொருள்.

விவிட்டார் 285 பற்றி நண்பர் சொன்னதில் உண்மை உண்டு. ஒரு காலத்தில் ஸ்கேட்போர்டுப் படக்காரர்களின் பையில் அது கட்டாயம் இருக்கும். ஆனால் 'எச்வி' என்ற எழுத்து இல்லாத பழைய 285-களின் அடியிலுள்ள தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் வரலாம். மலிவான ரேடியோ ரிசீவரை அது பொசுக்கிவிடக்கூடும்.

ஸ்டாண்டுக்கு மணல் பை போடுங்கள், அல்லது ஒரு நண்பரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தவறிய தாவலில் பலகை நேராகப் பிளாஷை நோக்கித்தான் வரும், அது ஏனோ! உடைந்ததற்கு வாரண்டி கிடையாது. விலை குறைந்ததை வாங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 'எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும்' என்று விளம்பரப்படுத்திய டிரிக்கரை இணையத்தில் வாங்கினேன். என் கேனான் 200டி மார்க் 2-இல் மாட்டினால் பிளாஷ் எரியவே இல்லை. கேமராவில்தான் கோளாறு என்கிறார் விற்றவர்.
(வாசகர், மதுரை)

பதில்: கேமராவின் தலையில் பிளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள். வழக்கமாக நடுவில் பெரிய வட்டமான தொடுமுனை ஒன்று இருக்கும். உங்கள் மாடலிலும் 3000டி-யிலும் கேனான் அதை வைக்கவில்லை. நடுமுனையை மட்டும் நம்பும் பொது டிரிக்கர் அதில் வேலை செய்யாது. கோளாறு கேமராவிலும் இல்லை, டிரிக்கரிலும் இல்லை, விளம்பரத்தில் இருக்கிறது. அந்த விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எழுத்துமூலம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த டிரிக்கரைக் கடையில், உங்கள் கேமராவிலேயே மாட்டி, நாலு முறை எரியவைத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: பழைய நிக்கான் டி40, டி40எக்ஸ் இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. பிளாஷோடு ஸ்கேட்போர்டு படம் எடுக்க எது நல்லது?
(வாசகர், திருச்சி)

பதில்: டி40. டி40எக்ஸ்-இல் 10 மெகாபிக்சல், டி40-இல் 6 மட்டும்தான். ஆனால் டி40-இன் ஷட்டர் பிளாஷோடு 1/500 விநாடி வரை போகும். மற்றது 1/200-இல் நின்றுவிடும். வெயில் முழுதும் இறங்காத நேரத்தில் இந்த வித்தியாசம் படத்தில் பதியும் சூரிய வெளிச்சத்தைப் பாதியைவிடக் குறைத்துவிடுகிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், வாங்கும்போது முகப்பில் 'எக்ஸ்' இருக்கிறதா என்று கவனியுங்கள்.