எல்க் விழுந்த பிறகு – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கத்தில் அரோராவில் ஏழு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். போன நவம்பரில் ஒரு ரீகர்வ் வில் (நுனி முன்னோக்கி வளைந்த பழைய பாணி வில்) வாங்கினேன், இழுவிசை 55 பவுண்டு. வாரத்தில் நாலு நாள் பழகுகிறேன். 30 கெஜத்தில் ஐந்துக்கு நாலு அம்பு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுகிறது. வரும் செப்டம்பரில் வழிகாட்டி யாரும் இல்லாமல் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போவதாக முடிவு. கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, சாலையிலிருந்து ஐந்து மைல் உள்ளே கூடாரம் போட யோசனை. டெக்சாஸ் மாநிலம் டாலஸில் இருக்கும் நண்பன் ஒருவன் தானும் வேட்டையாட வருகிறேன் என்கிறான். இந்த வில் போதுமா? என்ன அம்பு வாங்கலாம்? உடம்பை எப்படித் தயார் செய்வது? பழைய முறை வில்லால் வேட்டையாடிய அமெரிக்கப் பழங்குடி இஷியைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லைத் தொட மனம் வரவில்லை. "சுலபமான வில் இருக்கும்போது எதற்கு இந்தக் கஷ்டம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

க., அரோரா

*

அன்புள்ள க.,

கடிதத்தில் வில் இருக்கிறது, கூடாரம் இருக்கிறது. கறியைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். எவ்வளவு தூரம் உள்ளே போகலாம், யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம், எந்த அம்பை விடலாம், எதை விடக்கூடாது எல்லாவற்றையும் தீர்மானிப்பது கறிதான்.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்பை எடுத்துவிட்டால் தனிக்கறி மட்டும் 80 முதல் 100 கிலோ தேறும். நம்மூர்க் கணக்கில் ஏழெட்டு ஆட்டுக் கறி. ஒரு நடைக்கு 25 கிலோ என்று வையுங்கள், நாலு நடை. ஐந்து மைல் என்பது 8 கிலோமீட்டர். சுமையோடு நாலு தடவை வெளியே, வெறும் பையோடு மூன்று தடவை உள்ளே, ஆக 56 கிலோமீட்டர். கூடாரத்தையும் சாமானையும் கொண்டுவர இன்னொரு நடை. இதெல்லாம் பத்தாயிரம் அடி உயரத்தில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி. தனி ஆளுக்கு மூன்று நாள் பிடிக்கும். செப்டம்பரில் அங்கே ராத்திரி உறைகிற மாதிரி குளிர்ந்தாலும் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நிழலில் தொங்கவிட்டாலும் மூன்றாம் நாள் கறியை நம்புவதற்கில்லை. இடையில் கரடி வேறு.

சட்டமும் இதில் கண்டிப்பு. நாலு கால்கள், முதுகுக்கறி, உள்முதுகுக்கறி இவ்வளவையும் கொண்டுவந்தே ஆக வேண்டும். கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு வந்தால் கொலராடோவில் அது பெரிய குற்றம்.

ஆகவே தனியாகப் போனால் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். கூட ஒரு ஆள் இருந்தால் நாலு. வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே வேட்டையாடுங்கள், கீழே அல்ல. பள்ளத்தில் இறங்கி அடித்துவிட்டுச் சுமையோடு மேடு ஏறுவது நமக்கு நாமே தேடிக்கொள்ளும் வினை. கூட்டத்துக்குப் பயந்து ஐந்து மைல் போகத் தேவையில்லை. முக்கால்வாசிப் பேர் பாதையை விட்டு இறங்குவதே கிடையாது. பாதையை விட்டுச் செங்குத்தான சரிவில் ஒரு கிலோமீட்டர் நடந்து ஏறினாலே ஆள் சத்தம் குறைந்துவிடும்.

டாலஸ் நண்பர் விஷயம். கொலராடோவில் ஆறு மாதத்துக்கு மேல் குடியிருப்பவர் என்பதால் நீங்கள் வில் பருவ லைசென்ஸை நேராகக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். வெளி மாநிலத்தவருக்கு 2025 முதல் அது கிடையாது. மலைப்பகுதி யூனிட்களுக்கு (வேட்டைக்கென்று பிரித்த பகுதிகள்) ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துக் குலுக்கலில் பெற வேண்டும். அவர் அந்தத் தேதியை விட்டிருந்தாலும் வரச் சொல்லுங்கள். கறி சுமக்க லைசென்ஸ் வேண்டாம். அவர் தோள்தான் உங்கள் பயணத்தின் முக்கியமான கருவி. உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்த சான்று இல்லாமல் லைசென்ஸ் வாங்க முடியாது. முடிக்கவில்லை என்றால் இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

எல்க் பல சமயம் சாயங்காலம் அகப்படும். தேடிக் கண்டுபிடிக்கும்போது இருட்டிவிடும். சரிவில், ஒரு கட்டைமேல் கோணலாக விழுந்து கிடக்கும். புரட்ட முயன்று முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மேலே இருக்கும் பின்னங்காலைக் கயிற்றால் ஒரு மரத்தில் இழுத்துக் கட்டுங்கள். வயிற்றைத் திறக்க வேண்டாம். முதுகுத்தண்டு நெடுக ஒரு கீறல் போட்டுத் தோலை வயிற்றுப் பக்கம் உரித்துக்கொண்டே வாருங்கள். முன்னங்கால் சப்பையை உடம்போடு பிடித்துவைக்க எலும்பு மூட்டே கிடையாது. காலைத் தூக்கிப் பிடித்து அக்குளில் கத்தியை ஓட்டினால் அப்படியே கையோடு வந்துவிடும். பின்தொடைக்கு இடுப்பு மூட்டைத் தேடிப் பிடித்து அறுக்க வேண்டும். பிறகு முதுகுக்கறி, கழுத்துக்கறி. ஒரு பக்கம் முடிந்ததும் புரட்டி மறுபக்கம். உள்முதுகுக்கறியைக் கடைசியில், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கையை விட்டு எடுக்கலாம். ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் ஒரு துண்டிலாவது இயற்கையாக ஒட்டியபடி இருக்க வேண்டும் என்று விதி. ஆண் என்றால் ஒரு விரையைத் தொடையோடு விட்டுவிடுங்கள்.

பின்தொடையில் மட்டும் கவனம். அவ்வளவு கனமான கறிக்கு நடுவில் எலும்பை ஒட்டிச் சூடு தங்கிவிடும். வெளியே தொட்டால் ஜில்லென்று இருக்கும், உள்ளே புளித்துப்போயிருக்கும். அன்றிரவே எலும்புவரை பிளந்து காற்றுப்படத் தொங்கவிடுங்கள். துணிப்பைதான், பிளாஸ்டிக் கூடாது.

இனி உடம்பு. இந்தியன் கடையில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை கிடைக்கிறதே, அதில் மூன்றைப் பையில் வைத்தால் 27 கிலோ. உங்கள் ஒரு நடைச் சுமை அதுதான். ஒரு மூட்டையில் தொடங்கி ஆகஸ்டுக்குள் மூன்றுக்கு வாருங்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகே மானிட்டூ இன்க்லைன் இருக்கிறது, 2,768 படி, ஏறக்குறைய 2,000 அடி ஏற்றம். ஏறுவது நெஞ்சுக்கு நல்லது. ஆனால் முழங்காலைக் காலி செய்வது இறக்கம். பக்கத்துப் பாதையில் சுமையோடு இறங்கிப் பழகுங்கள்.

சரி, வில். சட்டப்படி 35 பவுண்டு போதும். உங்கள் வில்லில் எழுதியிருக்கும் 55 என்பது 28 அங்குலம் இழுத்தால்தான். நம் ஆட்களில் பலருக்கு 26, 27 அங்குலத்துக்கு மேல் வராது. ஓர் அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு குறையும். யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். கையில் 50 இருந்தாலே எல்குக்கு தாராளம். ஆனால் கேள்வி அதுவல்ல. விடியற்காலைக் குளிரில் ஒரு மணி நேரம் அசையாமல் மண்டியிட்டுவிட்டு, மெதுவாக, தோள் நடுங்காமல் அந்த வில்லை முழுக்க இழுத்து நாலு எண்ணும்வரை பிடிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் 45 பவுண்டு கரங்களை (வில்லின் மேல், கீழ் வளைவுகள்) வாங்கி மாட்டுங்கள். இதில் வீம்பு வேண்டாம்.

அம்பு கனமாக இருக்கட்டும். இழுவிசையில் ஒரு பவுண்டுக்குப் பத்து கிரெயினுக்குக் குறையாமல் (ஒரு கிராம் சுமார் 15 கிரெயின்), உங்களுக்கு 500 முதல் 550 கிரெயின். கனத்த எலும்பை உடைக்க 650 கிரெயின் வேண்டும் என்பது அம்பு எவ்வளவு ஆழம் துளைக்கும் என்று டாக்டர் எட் ஆஷ்பி வருடக்கணக்கில் செய்த சோதனைகளிலிருந்து வந்த கணக்கு. அந்தப் பக்கம் சாய்ந்தாலும் தவறில்லை. முனை, ஒரே துண்டாகச் செய்த இரட்டை அலகுள்ளது. அகலம் முக்கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் மேல், 7/8 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போனதாகப் புலவர் பாடிவிட்டார். நமக்கு இரண்டு நுரையீரல் போதும். அதற்கு வேகத்தைவிடக் கூர்மைதான் தேவை. முழங்கை முடியைச் சிரைக்காத முனையைத் தூணியில் வைக்காதீர்கள். இன்னொன்று, பிற்பகல் மழை. வான்கோழி இறகு நனைந்தால் படுத்துக்கொள்ளும், அம்பு அலைபாயும். தூணியின் இறகுப் பக்கத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 30 கெஜத்துக்கு வருகிறேன். ஐந்துக்கு நாலு தட்டில் விழுகிறது என்றால் ஐந்தாவது எங்கே போகிறது? வயிற்றில். இந்த வில்லிலிருந்து கனமான அம்பு நொடிக்கு 170 அடி வேகத்தில் போகும். 30 கெஜம் கடக்க அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் எல்க் ஓர் எட்டு வைத்துவிடும். 20 கெஜம் என்றால் மூன்றில் ஒரு நொடி. ஆகவே உங்கள் எல்லை 20 கெஜம், பக்கவாட்டில் அல்லது சற்றே அப்பால் திரும்பி நிற்கும் எல்க் மட்டும். முகம் காட்டி நின்றால் எவ்வளவு கிட்டே இருந்தாலும் நாணை இழுக்காதீர்கள்.

காரணம் மறுபடியும் கறிதான். நுரையீரலில் பட்டால் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம். அரை மணி நேரம் பொறுத்துத் தேடிப் போகலாம். ஈரலில் பட்டால் கருஞ்சிவப்பு, நாலிலிருந்து ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். குடலில் பட்டால் அம்பில் பச்சையாக நாறும். எட்டு மணி நேரமாவது அதைக் கிளப்பாமல் விட வேண்டும். காத்திருந்தால் கறி கெடும், காத்திருக்காமல் போனால் எல்க் எழுந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். இரண்டும் கெட்ட நிலை.

பயிற்சியையும் மாற்றுங்கள். காலையில் எழுந்ததும், கை சூடேறும் முன், ஒரே ஒரு அம்பு. கூர்முனை மாட்டி, மண்டியிட்டு, ஜாக்கெட்டோடு. அந்த ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள். அதற்குப் பின்னால் விடும் நூறு அம்பும் தோளுக்குப் பயிற்சி, அவ்வளவுதான்.

20 கெஜத்துக்குள் போவது எப்படி? காற்று. மலையில் வெயில் ஏறுமுன் காற்று பள்ளம் நோக்கி இறங்கும். சரிவு சூடானதும் மேலேறும். சாயங்காலம் திரும்ப இறங்கும். மாறுகிற அந்த ஒரு மணி நேரத்தில் எங்கு வேண்டுமானாலும் சுழலும், அப்போது சும்மா உட்கார்ந்திருங்கள். சின்ன டப்பாவில் வாசனையில்லாத பவுடர் வைத்து அடிக்கடி ஊதிப் பாருங்கள். விபூதிகூட நன்றாகப் பறக்கும், ஜவ்வாது கலந்தது மட்டும் வேண்டாம்.

இணைசேரும் பருவம் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் உச்சத்துக்கு வரும். பெண் எல்க் குரலை வாய்க்குள் வைக்கும் டயாஃபிரம் என்ற சிறு ஊதியில் பழகுங்கள், இரண்டு கையும் வில்லுக்கு வேண்டும். வீட்டில் பழகினால் குடும்பம் பிரியும், காரில் பழகுங்கள். ஆண் எல்க் குரலுக்கு வரும், ஆனால் குரல் வந்த இடம் கண்ணுக்குத் தெரிந்ததும் நின்றுவிடும். அங்கே பெண்ணைக் காணோம் என்றால் மேலே ஓர் அடி வைக்காது. காம்பவுண்ட்காரர் அங்கேயே 50 கெஜத்தில் அடித்துவிடுவார். நீங்கள் மேட்டு விளிம்புக்குப் பின்னாலோ அடர்ந்த இளமரக் கூட்டத்துக்குள்ளோ உட்கார வேண்டும். அது எட்டிப் பார்க்கும் இடமே உங்களிடமிருந்து 15 கெஜமாக இருக்கட்டும். அது சரிப்படாவிட்டால், எல்க் சேற்றில் புரளும் குட்டைகளை ஆகஸ்டிலேயே தேடி வைத்து, பிற்பகலில் காற்றுக்கு எதிரே காத்திருங்கள்.

இஷியைச் சொன்னீர்கள். 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் வெளிப்பட்ட அந்த யாஹி இன மனிதரிடம் வில் கற்ற டாக்டர் சாக்ஸ்டன் போப், பலகையில் குறி வைத்து அடிப்பதில் இஷி ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்றே பதிந்திருக்கிறார். வேட்டைக்கு முந்தைய நாள் இஷி மீன் தின்னமாட்டார், புகையிலை தொடமாட்டார். காலையில் ஓடையில் குளித்து, வாசனை இலையை உடம்பில் தேய்த்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு கிளம்புவார். அவர் வித்தை கிட்டே போவதில் இருந்தது.

வீட்டாருக்கு என்ன சொல்வது? 1969-இல் ஹாலிஸ் வில்பர் ஆலன் காப்புரிமை வாங்கிய காம்பவுண்ட் வில் நல்ல கருவி. அதை வைத்திருப்பவர் உங்களைவிடக் குறைந்த வேட்டைக்காரர் இல்லை. எல்லா வில்லையும் சேர்த்தே கொலராடோவில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கிறது, ரீகர்வ்காரர்களுக்கு இன்னும் அரிது. கறிதான் வேண்டும் என்றால் வீட்டார் சொல்வதே சரி. எல்க் 40 கெஜத்தில் நிற்க, வில்லைத் தாழ்த்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் ரீகர்வோடு போங்கள். அதில் பெருமை பேச ஒன்றுமில்லை.

கிடைத்துவிட்டால் ஒரு வேலை பாக்கி இருக்கும். மான் இனங்களின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி நோய் முதலில் தெரியவந்தது உங்கள் மாநிலத்தில்தான், 1967-இல் ஃபோர்ட் காலின்ஸில். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோய் இருந்தால் சாப்பிட வேண்டாம் என்பதே அறிவுரை. பரிசோதனைக்குத் தொண்டைப் பகுதி நிணநீர்ச் சுரப்பி வேண்டும், அதனால் தலையையும் கொண்டுவாருங்கள். முடிவு வரும்வரை கறிப் பொட்டலங்களில் தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். அதுவரை நண்பர்களுக்குப் பங்கு போட்டுவிடாதீர்கள்.