மரச்சீனி இலை முதல் ரப்பர் தேன் வரை: குமரி வாசகர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், "பல்கலைக்கழகம் கண்டுபிடித்த அந்த மருந்து எங்கே கிடைக்கும்?" என்ற ரகம்தான். கிடைக்கும் இடத்தைச் சொல்கிறேன். அது உங்களுக்குத் தேவையா என்பதையும் கூடவே பார்த்துவிடுவோம். சில பேருக்குத் தேவையே இல்லை.

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்: மழைக்குப் பிறகு தழைத்த மரச்சீனிக் (மரவள்ளிக்) கொழுந்தை மேய்ந்த இரண்டு ஆடுகள் அரைமணி நேரத்துக்குள் விழுந்து செத்துவிட்டன. போன வருஷமும் இதே விளையில்தான் மேய்ந்தன, ஒன்றும் ஆகவில்லை. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் சண்டை. உண்மையிலேயே இலையால் சாகுமா?

சாகும். பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் மரச்சீனியைச் சந்தேகப்படுங்கள்.

மரச்சீனி இலையிலும் கிழங்குத் தோலிலும் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இலை முழுதாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். ஆடு மென்று நசுக்கியதும், இலையிலேயே இருக்கும் ஒரு நொதி அதோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அசை போடும் பிராணிகளின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களும் இந்த வேலையை வேகமாகச் செய்வதால் ஆடும் மாடும் சீக்கிரம் மாட்டிக்கொள்கின்றன. சயனைடு ஏறினால் ரத்தத்தில் பிராணவாயு இருந்தாலும் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாது. மூச்சிரைப்பு, வாயில் நுரை, தள்ளாட்டம், விழுந்து இழுப்பு என்று வரிசையாக வரும். இறந்த ஆட்டின் ரத்தம் கறுக்காமல் பளிச்சென்ற சிவப்பாக இருந்ததா என்று அறுத்துப் பார்த்த டாக்டரிடம் கேளுங்கள். அது பெரிய தடயம்.

போன வருஷம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? எல்லா இலையிலும் விஷம் ஒரே அளவில் இருப்பதில்லை. முற்றின இலையைவிடக் கொழுந்தில் அதிகம். கசப்பு ரகத்தில் அதிகம். வறட்சியில் வாடி, மழை கண்டு திடீரென்று துளிர்த்த செடியில் இன்னும் அதிகம். வெறும் வயிற்றோடு அவிழ்த்துவிட்ட ஆடு ஒரே மூச்சில் நிறையத் தின்றிருந்தால் கேட்கவே வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் ஆடு மேய்ப்பவர்களும் கவனியுங்கள், ரப்பர் கொழுந்திலும் இதே லினமாரின் உண்டு.

சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் இரண்டையும் நரம்பில் ஏற்றினால் பிழைக்க வைக்கலாம், ஆனால் நேரம் மிகக் குறைவு. ஆடு தள்ளாடத் தொடங்கியதுமே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள், "மரச்சீனி இலை தின்றது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வாயில் எண்ணெய் ஊற்றி நேரத்தைப் போக்க வேண்டாம்.

இலையைத் தீவனமாகக் கொடுத்தே தீர வேண்டும் என்றால், பொடியாக நறுக்கி வெயிலில் சருகாகக் காயவிட்டுக் கொடுக்கலாம். நறுக்கும்போது நொதி வேலை செய்து விஷம் ஆவியாகப் போய்விடும். அரைகுறையாக வாடின இலையை நம்பாதீர்கள். நம் வீடுகளில் மரச்சீனி அவித்த தண்ணீரை இறுத்துக் கொட்டுகிறோமே, அந்த வழக்கத்துக்குள்ளும் இதே விஞ்ஞானம்தான்: லினமாரின் தண்ணீரில் கரையும்.

தக்கலை வாசகர்: ஏத்தன் (நேந்திரன்) வாழைத் தண்டில் பிசின் மாதிரி வடிகிறது, குலை தள்ளும் சமயத்தில் ஒடிந்து விழுகிறது. ஊசி போடலாமா?

தண்டுக் கூன்வண்டு. பிசின் வடியும் இடத்தைக் கத்தியால் லேசாகச் சீவிப் பாருங்கள், வெள்ளைப் புழு சுரங்கம் தோண்டியிருக்கும். முன்பெல்லாம் மோனோகுரோட்டோபாஸை ஊசி போட்டார்கள். அந்த 36 சதவீத மருந்துக்கு மத்திய அரசு 2023-ல் தடை போட்டுவிட்டது. பழைய பாட்டில் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன், மேலே ஆட்டைக் கொன்ற அதே விஷம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரச்சீனி இலையிலிருந்து பிரித்தெடுத்து நன்மா, மென்மா, ஸ்ரேயா என்று பூச்சிமருந்துகள் செய்திருக்கிறது. தண்டுக்குள் இருக்கும் புழுவுக்கு மென்மா. களியக்காவிளை தாண்டினால் எட்டிவிடுகிற தூரம்தான், விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஆனால் வண்டு வந்தபின் ஊசி தேடுவதைவிட வராமல் பார்ப்பது மலிவு. அறுத்த வாழையின் தண்டை விளையிலேயே அழுகவிட்டால் அந்த வாசனைக்கே வண்டு வந்து சேரும். அந்த ஆசையை வைத்தே பொறி வைக்கலாம்: ஒன்றரை அடித் தண்டை நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்பக்கத்தில் வண்டைக் கொல்லும் பிவேரியா பேசியானா பூஞ்சாணத்தைத் தடவி, அந்தப் பக்கம் மண்ணில் படும்படி கவிழ்த்து வையுங்கள். ஏக்கருக்கு 40 போதும். காய்ந்த சருகுகளை உரித்துத் தண்டைச் சுத்தமாக வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இராஜாக்கமங்கலம் வாசகர்: வேளாண் பல்கலைக்கழகத் தென்னை டானிக் இரண்டு தடவை கட்டியும் ஓலை சரியாகவில்லை. போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

பார்த்தேன். ஓலையின் இலைகள் விலா எலும்பு போல உள்நோக்கி வளைந்திருக்கின்றன, ஓரம் கருகியிருக்கிறது. இது வேர் வாடல் நோய். டானிக் சத்துக் குறைக்கானது. குரும்பை கொட்டும், காய் சிறுக்கும் மரங்களுக்குப் பலன் தெரியும். நோய்க்கு அதைக் கட்டிவிட்டு டானிக்கைத் திட்டுவது நியாயமில்லை.

வேர் வாடலை உண்டாக்குவது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், பரப்புவது கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. யாராவது பாட்டிலைக் காட்டி இருக்கிறது என்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தை வெட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றுக்குத் தழை உரம், சாணி உரத்தோடு மரத்துக்கு அரைக் கிலோ மெக்னீசியம் சல்பேட் வருஷா வருஷம் போட்டு வந்தால் நோயோடேயே பல வருஷம் காய்க்கும். மறுநடவுக்குக் காசர்கோடு மத்திய தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கல்பரட்சா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா ரகங்கள் உண்டு. இந்த நோய்க்காகவே காயங்குளம் மையத்தில் உழைத்துத் தேர்ந்தெடுத்தவை. கன்றுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், நினைத்த உடனே கிடைக்காது.

நோய் இல்லாத மரத்துக்கு டானிக் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரிலிருந்து மூன்றடி தள்ளித் தோண்டி, பென்சில் கனத்தில் உயிருள்ள வேரைப் பார்த்துச் சாய்வாக வெட்டி டானிக் பையில் விடுங்கள். 40 மில்லி டானிக்கோடு 160 மில்லி தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. காய்ந்த வேரில் கட்டினால் பை அப்படியே நிறைந்து கிடக்கும்.

பூதப்பாண்டி: கன்னிப்பூ (முதல் போக) நெல்லுக்கு அம்பை 16 ரகம் போடவா, டி.பி.எஸ். 5 போடவா?

அரிசி வியாபாரி எதைக் கேட்கிறாரோ அதை. இரண்டும் குண்டரிசி. டி.பி.எஸ். 5 நம்ம திருப்பதிசாரம் நிலையத்தில் 2014-ல் வந்தது, 118 நாள், அம்பை 16-ஐத் தாயாக வைத்தே உருவாக்கியது. விதையைத் திருப்பதிசாரத்திலேயே கேளுங்கள். பாதி வயலில் ஒன்று, பாதி வயலில் இன்னொன்று என்று ஒரு போகத்துக்குப் போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

அருமனையிலிருந்து ஓர் அம்மா: பசுவுக்கு ஒரு காம்பு மட்டும் கல் மாதிரி இறுகி, பால் திரிதிரியாக வருகிறது. கற்றாழை மருந்து கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். இது மடிநோய். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் நாட்டு வைத்தியத்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்து ஊர் ஊராகப் பரப்பியது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையைத் தோலோடு வெட்டி மூன்றையும் அரைத்தால் சிவந்த விழுது வரும். மடியில் இருக்கும் பாலை முழுசாகக் கறந்துவிட்டு, கழுவி, ஒரு கை விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். நாளுக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை பூசிவிட்டு "கேட்கவில்லை" என்று எழுதுபவர்களே அதிகம். தினமும் அன்றன்றைக்கு அரையுங்கள்.

மாடு காய்ச்சலாகக் கிடந்தாலோ, ரத்தமோ சீழோ வந்தாலோ, இரண்டு நாளில் இறுக்கம் இளகாவிட்டாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால் அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். இன்னொன்று: கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் மூட அரைமணி நேரமாகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்கப் புல்லைப் போட்டு நிற்க வையுங்கள். செலவே இல்லாத மருந்து அது.

தோவாளை வாசகி: நாட்டுக்கோழி வருஷா வருஷம் வெள்ளைக்கழிச்சலில் போகிறது. குருணையாகக் கொடுக்கும் தடுப்பு மருந்து உண்டாமே?

உண்டு. வெப்பத்தைத் தாங்கும் டி 58 வைரஸ் வகையை வைத்து அதே கால்நடைப் பல்கலைக்கழகம் செய்தது. கோழியைப் பிடித்துச் சொட்டு விடும் தொல்லை இல்லை, தீவனம்போல் தின்றுவிடும். கழிச்சல் வந்த பிறகு கொடுத்தால் பிரயோசனம் இல்லை, கோடைக்கு முன்னாலேயே கொடுங்கள். கால்நடை மருந்தகத்தில் சொல்லிவைத்து வாங்கலாம்.

மார்த்தாண்டம் வாசகர்: வாங்கின தேன் பாட்டிலின் அடியில் சர்க்கரை மாதிரி உறைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. நம்ம ஊர்த் தேனில் பெரும்பகுதி ரப்பரிலிருந்து வருவது. அதுவும் பூவிலிருந்து இல்லை. புது இலை விரியும் மாசி வாக்கில், மூன்று சிற்றிலைகள் கூடுகிற காம்பு முனையை உற்றுப் பாருங்கள், பளபளவென்று சொட்டு நிற்கும். தேனீ அதைத்தான் நக்குகிறது. இந்தத் தேன் சீக்கிரம் உறையும், அது அதன் சுபாவம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும், அடுப்பில் வைக்காதீர்கள்.

உறைவதைவிட நுரைப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்து புளிப்பு வாசம் அடித்தால், அடை மெழுகு மூடாத முன்பே எடுத்த தேன், ஈரம் அதிகம். அப்படி இருந்தால் திருப்பிக் கொடுங்கள், அடுத்த தடவை மெழுகு மூடிய அடையிலிருந்து எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள்.