கிடங்கில் அரிசி, தீவில் பசி

கேள்வி: 2011-இல் 'தானே' புயல் தாக்கியபோது, சாலையில் விழுந்த மரங்களை அகற்றிய பின்னரே எங்கள் பகுதிக்கு லாரிகள் வந்தன. தீவுகளாலான பிலிப்பைன்ஸில் நிவாரண உணவை எவ்வாறு சேர்க்கிறார்கள்? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: 7,000-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட அந்நாட்டில், அரிசியைத் திரட்டுவதைவிட அதை இறக்க இடம் தேடுவதே கடினம். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் தாக்கி, கடல் பொங்கியதில் லெய்டே தீவிலுள்ள டக்ளோபான் நகரின் விமான நிலையமே சிதைந்துவிட்டதால், செபு தீவைத் தளமாகக் கொண்டு ராணுவ விமானங்களிலும் கப்பல்களிலும் பொருள்களை அனுப்ப வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் ஹெலிகாப்டர்களே கண்ணில் படும். ஆனால், அவை சுமப்பது சொற்பம், செலவோ மிக அதிகம். பெருஞ்சுமையைத் தாங்குபவை, கிரேன் தேவைப்படாமல் லாரிகள் நேராக ஏறி இறங்கும் வசதிகொண்ட கப்பல்கள்தாம். படகுத்துறையற்ற சிறு தீவுகளுக்குப் படகில் ஏற்றி, கரையில் ஆட்களே மூட்டைகளைச் சுமக்க வேண்டும். பாத்திரமும் விறகும் நல்ல தண்ணீரும் இழந்தவர்களுக்கு அரிசி உடனடியாக உதவாது என்பதால், ஐ.நா.வின் உணவு உதவி அமைப்பான உலக உணவுத் திட்டம் ஊட்டமேற்றிய பிஸ்கட்டுகளையும் அனுப்புகிறது. புயல் காலத்துக்கு முன்பே, வெள்ளம் எட்டாத மேட்டுநிலக் கிடங்குகளில் இருப்பு வைப்பதே இவற்றுள் சிறந்த வழி. கடைகள் திறந்தபின் பணமாகவே கொடுத்துவிடலாம்.